கோதையாறு பாறையில் ஒரு காசித்தும்பை, எந்தப் புத்தகத்திலும் பொருந்தவில்லை. புது இனமா?

மழைக்காட்டான் எழுதியது:
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன், இதுதான் முதல் பதிவு. போன மாதம் கல்லூரிக் குழுவோடு முறையாக அனுமதி வாங்கி அகத்தியமலைத் தொடரில் மேல் கோதையாறு பக்கம் இரண்டு நாள் போயிருந்தோம். ஓடையோரம் ஒரு பாறை, அதன் மேல் மெத்தை மாதிரி பாசி, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாசிக்குள்ளிருந்து ஒரு காசித்தும்பை எட்டிப் பார்த்தது. தண்டே கிடையாது. பாசியை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தால் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கிழங்கு, அதிலிருந்து நேராக மூன்று இலை, நடுவில் ஒரு சாண் காம்பில் ஐந்து பூ. வெளிர் ரோஸ் நிறம், தொண்டையில் மஞ்சள் கீற்று, பின்பக்கம் வால் ஒன்று நீளமாக வளைந்து தொங்குகிறது.

வந்ததும் காம்பிள் எழுதிய பழைய மதராஸ் மாகாணத் தாவரநூலை வைத்து அடையாளம் காணப் பார்த்தேன். பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. செல்போன் ஆப் மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொல்கிறது. அனுமதி பார்க்க மட்டும்தான் என்பதால் ஒன்றையும் பறிக்கவில்லை, நாற்பது படம் இருக்கிறது. இது புது இனம் என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? பெயரை நானே வைக்கலாமா? அம்மா பெயரை வைக்க ஆசை.

சும்மா_கேட்டேன் எழுதியது:
ஆப் சொல்லவில்லை என்றால் புது இனமா? எங்கள் வீட்டுக் கருவேப்பிலையை அது வேப்பமரம் என்றது. நானும் ஒரு பெயர் வைத்துவிடட்டுமா?

நெறியாளர் எழுதியது:
மழைக்காட்டான், மன்னிக்கவும், உங்கள் படங்களில் ஜிபிஎஸ் எண் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எடுத்துவிட்டேன். இனிமேல் இடத்தைத் துல்லியமாகப் போட வேண்டாம், காரணத்தை யாராவது சொல்வார்கள்.

தாள்பூச்சி எழுதியது:
தம்பி, நான் இருபது வருடமாக, செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் உலர்தாவர அலமாரிகளுக்கு நடுவில் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'எதோடும் பொருந்தவில்லை' என்று நீங்கள் சொல்வது இதுவரை ஒரு புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பது மட்டும்தான். காம்பிளின் வரிசை 1915இல் வெளிவரத் தொடங்கியது. அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனை காசித்தும்பைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் தெரியுமா? இந்தியாவில் மட்டும் 200க்கு மேல் இருக்கிறது. புது இனம் என்று ஒருவர் எழுதினால் அவர் உண்மையில் சொல்வது, 'இதற்கு நெருங்கிய உறவு எதுவென்று பார்த்தேன், அவை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தபோது எந்தத் தாளை ஆதாரமாக வைத்தார்களோ அந்த மூலத் தாளைப் பார்த்தேன், இது அவற்றில் ஒன்று இல்லை' என்பதைத்தான். செடியைப் பார்ப்பது ஒரு மத்தியான வேலை. அது வேறு எந்த இனமும் இல்லை என்று நிரூபிக்க வருடக்கணக்கு ஆகும். தென்னிந்தியச் செடிகளின் மூலத் தாள்கள் பல லண்டன் கியூ, எடின்பரோ தாவரவியல் தோட்டங்களில் கிடக்கின்றன. முன்பு கப்பல் ஏற வேண்டும், இப்போது நல்ல படங்கள் இணையத்தில் இருப்பது உங்கள் தலைமுறைக்குக் கிடைத்த யோகம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2010இல் ஓர் ஆய்வு வந்தது. புது இனம் என்று அறிவிக்கப்பட்ட செடிகளில் சேகரித்த ஐந்து வருடத்துக்குள் பெயர் கிடைத்தவை 16 சதவீதம்தானாம். கிட்டத்தட்ட கால்வாசிக்கு, ஐம்பது வருடத்துக்கும் மேல் பழைய தாள்களை வைத்துத்தான் பெயர் வந்திருக்கிறது. அதாவது யாரோ காட்டிலிருந்து கொண்டுவந்து, ஒட்டி, அலமாரியில் வைத்து, செத்தும் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இன்னொருவர் அதை எடுத்துப் பார்த்து 'அடடே' என்றிருக்கிறார்.

பெரு நாட்டு மனு காட்டில் 1973இல் ராபின் ஃபாஸ்டர் என்பவர் ஒரு சின்ன மரத்தைப் பார்த்தார். ஆறேழு மீட்டர் உயரம் இருக்கலாம், காகித விளக்கு மாதிரி ஆரஞ்சு நிறக் காய். நிபுணர்கள் ஆளாளுக்குத் தாளைப் பார்த்தார்கள், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றே சொல்ல முடியவில்லை. இனம் தெரியாவிட்டால் பரவாயில்லை, குடும்பமே தெரியவில்லை! பழைய தாளிலிருந்து டிஎன்ஏ எடுக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு அந்தக் காட்டிலேயே வேலை செய்த பத்ரிசியா ஆல்வரஸ் லோய்சா புதிதாகச் சேகரித்து அனுப்பிய பிறகுதான், யாரும் எதிர்பார்க்காத பிக்ரம்னியேசி என்ற சின்னக் குடும்பத்தில் போய் உட்கார்ந்தது. 2021இல் பெயர் வந்தது, ஏனிக்மனு ஆல்வரேசியே. முதல் பாதிக்கு 'மனுவின் புதிர்' என்று பொருள், பின்பாதி அந்த அம்மாவின் பெயர். நாற்பத்தெட்டு வருடம்.

உங்கள் பூவின் வால் எத்தனை மில்லிமீட்டர்? அளந்தீர்களா?

மழைக்காட்டான் எழுதியது:
அளக்கவில்லை அண்ணா. படத்தில் என் விரல் இருக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று சென்டிமீட்டர் வரும். டிஎன்ஏ பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா? அப்புறம் இந்தக் காலத்தில் நாற்பது படம் போதாதா, செடியைக் கொன்றுதான் ஆக வேண்டுமா?

லத்தீன்_வாத்தியார் எழுதியது:
படம் போதாது. செடிகளுக்குப் பெயர் வைக்கும் உலக விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி புது இனத்துக்கு ஒரே ஒரு மூலத் தாள் வேண்டும், அது எந்த நிலையத்தில் இருக்கிறது என்றும் கட்டுரையிலேயே எழுத வேண்டும். படத்தையோ வரைபடத்தையோ மூலமாகக் காட்டும் வழி பூக்கும் செடிகளுக்கு 2007 முதல் அடைபட்டுவிட்டது. காரணம் சாதாரணமானது. நாளைக்கு ஒருவர் 'மகரந்தப்பையைப் பிளந்து பார்க்க வேண்டும்' என்றால் படத்தைப் பிளக்க முடியாது.

டிஎன்ஏ உறவைச் சொல்லும். இத்தனை எழுத்து மாறினால் தனி இனம் என்று செடிகளில் கோடு கிழித்து வைத்த கணக்கு எதுவும் இல்லை. அந்த முடிவை ஆள்தான் எடுக்க வேண்டும், தவறாகவும் எடுக்கலாம்.

மொழி விஷயம். 1935 முதல் 2011 முடியும் வரை லத்தீனில் விளக்கம் எழுதினால்தான் செல்லும். என் ஆசிரியர் லத்தீனில் நான்கு வரி எழுத ஒரு பாதிரியாரைத் தேடிப் போவார். 2012 முதல் ஆங்கிலம் போதும், காகிதத்தில் அச்சாக வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. எங்கள் பிழைப்பில் மண். தமிழில் எழுதினால் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள்.

அம்மா பெயர் தாராளமாக வைக்கலாம். என்ன பெயர்?

மழைக்காட்டான் எழுதியது:
மரகதம்.

லத்தீன்_வாத்தியார் எழுதியது:
மெய்யெழுத்தில் முடியும் பெண் பெயர். காசித்தும்பையின் பேரினப் பெயரோடு சேர்த்து 'இம்பேஷியன்ஸ் மரகதமியே' என்று வரும். கேட்கவே நன்றாக இருக்கிறது. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் அப்படிச் செய்தவரை இந்தத் துறையில் சாகும்வரை கிண்டல் செய்வார்கள். வைத்த பெயரை அப்புறம் 'பிடிக்கவில்லை' என்று மாற்றவும் முடியாது. ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல் வரும் பெயர்களை 'அஃப்ரா' என்று திருத்த 2024 மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. அந்த ஓர் எழுத்தை எடுக்க அவ்வளவு சண்டை.

தொரட்டி எழுதியது:
வாத்தியார் விதி சொல்லிவிட்டார், நான் சேறு சொல்கிறேன். காசித்தும்பையைத் தாளில் உலர்த்துவது மாதிரி ஒரு எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை. பூ முழுக்கத் தண்ணீர். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இறுக்கினால் மறுநாள் காலையில் பூ இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டும் இருக்கும். அதனால் பூவைச் செடியிலேயே விட்டு அழுத்தக் கூடாது. ஒரு பூவைத் தனியாக எடுத்து, மேல் இதழ், ஒட்டிக்கொண்டிருக்கும் பக்க இதழ் இரண்டு, வாலோடு இருக்கும் கீழ்ப்பகுதி என்று ஊசியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, எச்சில் ஈரத்தில் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் விரித்து ஒட்ட வைக்க வேண்டும். இதை மழையில், குடைக்குள், கழுத்தில் அட்டை ஏறும்போது செய்ய வேண்டும். இரண்டு பூவை ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். ஒரு இலைத் துண்டை சிலிகா ஜெல் பையில் போடுங்கள், அது டிஎன்ஏவுக்கு. நிறத்தை அங்கேயே எழுதுங்கள், உலர்ந்தால் எல்லாம் வெற்றிலைச் சாறு நிறம்தான். இங்கிலாந்தில் தாவரவியலாளர் ஹூக்கர் 1911இல் சாகும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், இந்தக் காய்ந்த காசித்தும்பைகளோடுதான் மல்லுக்கட்டினார். அவருக்கே அந்தக் கதி.

மழைக்காட்டில் வெயிலும் கிடையாது. தாள் மாற்றாமல் இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்து இலை கழன்றுவிடும். நாங்கள் செய்தித்தாள் கட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றி வாயைக் கட்டிவிடுவோம், ஊருக்கு வந்து உலர்த்துவோம். நாற்றம் தாங்காது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மைக் குடிகாரன் என்று நினைப்பார். உங்களுடையதாவது தரைச் செடி. முப்பது மீட்டர் மரம் என்றால் பூ எல்லாம் உச்சியில். தொரட்டியை மூன்று துண்டாக இணைத்தாலும் எட்டாது, கீழே உதிர்ந்து கிடக்கும் பூவைப் பார்த்து பெருமூச்சு விட வேண்டியதுதான். மழைக்காட்டு மரங்களில் பல பெயரில்லாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான், இதை எந்தக் கட்டுரையிலும் எழுத மாட்டார்கள்.

கண்டிச்சீமை எழுதியது:
தம்பி, படங்கள் பார்த்தேன். இம்பேஷியன்ஸ் அகாலிஸை முதலில் பாருங்கோ. 1836இல் ஆர்னாட் பெயர் வைத்தது, உங்கட பக்கமும் இருக்கு, இலங்கையிலும் இருக்கு. அதுவும் தண்டில்லாமல் கிழங்கிலிருந்து வருவது, ஈரப் பாறை, நீளமான வால். ஆனால் நான் எங்கட மலைகளில் பார்த்த பூவுக்கும் உங்கட படத்துக்கும் பக்க இதழின் வடிவம் கொஞ்சம் வித்தியாசம் என்று படுகிறது. அது இனமா, இடத்துக்கு இடம் மாறுகிற சாயலா என்று சொல்ல ஒரு பாறையைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. பத்து பாறை, பத்து செடி, ஒவ்வொன்றிலும் அளவு வேண்டும். நல்ல மழைக்கு இலை உள்ளங்கை அளவு வரும், காய்ந்த வருடம் அதே கிழங்கு ரூபாய்க் காசு அளவு இலைதான் விடும். ஒரு இனத்தை ரெண்டாக்கிப் பெயர் வைத்துவிட்டுப் பிறகு முழிக்கிறவர்கள் எங்கட பக்கமும் இருக்கினம்.

சும்மா_கேட்டேன் எழுதியது:
அப்போ யார் வேண்டுமானாலும் தப்பாக ஒரு கட்டுரை எழுதி இனத்தைப் பெருக்கலாம்?

லத்தீன்_வாத்தியார் எழுதியது:
பெருக்கலாம், பெருக்குகிறார்கள். கட்டுரையை வேறு நிபுணர் படித்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று விதித்தொகுப்பில் எங்கும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழில் வந்தாலும், மூலத் தாள், விளக்கம், இதழுக்கான ஐஎஸ்எஸ்என் பதிவு எண் எல்லாம் இருந்தால் பெயர் செல்லுபடியாகும். பிறகு அதை இன்னொருவர் உட்கார்ந்து 'இது பழைய இனம்தான்' என்று எழுதி அடக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பேப்பரில் போட்டோ வரும், பழையதில் போய் ஒன்றைச் சேர்த்து அடக்கியவருக்கு யாரும் டீ கூட வாங்கித் தர மாட்டார்கள். என் கணக்கில் பின்னவர்தான் பெரிய வேலை செய்கிறவர்.

ஈப்போ_வாசி எழுதியது:
இங்கே மலேசியாவிலிருந்து ஒரு கதை சேர்க்கிறேன். போர்னியோவில் ஒரு பனை இருக்கிறது, பாக்குக் குடும்பம், பூவும் காயும் மண்ணுக்கு அடியிலேயே. நம்பாதவர்கள் தேடிப் பாருங்கள், பினாங்கா சப்டெரேனியா. 1997இல் சரவாக்கின் லஞ்சாக் எந்திமாவ் சரணாலயத்தில் பால் சாய் என்ற தாவரவியலாளர் கவனித்தார், 2023இல்தான் கியூ ஆட்கள் பெயரோடு வெளியிட்டார்கள். காட்டுப்பன்றி தோண்டித் தின்று விதையைப் பரப்புகிறதாம். ஆனால் காட்டு மக்களுக்கு இது ரொம்பக் காலமாகத் தெரியும். தோண்டி எடுத்துச் சாப்பிடுவார்கள், பழம் சிவப்பாக, இனிப்பாக இருக்கும். ஒரு பெயர் 'பினாங் தானா'. பினாங் என்றால் பாக்கு, தானா என்றால் மண். மண்பாக்கு. பிள்ளைக்குக் கூடத் தெரிந்த ஒன்றை இருபத்தாறு வருடம் கழித்து 'கண்டுபிடித்தோம்' என்கிறார்கள், எனக்கு சிரிப்புதான் வந்தது.

சும்மா_கேட்டேன் எழுதியது:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். மழைக்காட்டான், உங்களோடு வழிகாட்டியாக வந்தவர் யார்? அவர் அந்தச் செடிக்கு ஏதாவது பெயர் சொன்னாரா?

மழைக்காட்டான் எழுதியது:
காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்தார். உண்மையைச் சொன்னால் நான் கேட்கவே இல்லை. அந்தப் பாறைக்கு எங்களைக் கூட்டிப்போனதே அவர்தான்.

தாள்பூச்சி எழுதியது:
இதைப் படித்ததும் கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் நானும் இதே தவறைப் பல வருடம் செய்திருக்கிறேன். அதே அகத்தியமலைத் தொடரில்தான் 1987இல் தாவரவியல் குழுவோடு போன காணிகள் களைப்பே இல்லாமல் ஒரு காயை மென்றுகொண்டே ஏறினார்கள், கேட்ட பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி வெளியே தெரிந்தது. அந்தச் செடிக்கு லத்தீன் பெயர் 18ஆம் நூற்றாண்டிலேயே வைத்தாகிவிட்டது. பெயர் புத்தகத்தில் இருந்தது, அதைத் தின்றால் என்ன ஆகும் என்பது இவர்களிடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளைப் பற்றி எழுதிய ராபர்ட் வைட் காலத்திலும் இதே கதை. அவருடைய புத்தகங்களில் உள்ள அற்புதமான படங்களை வரைந்தவர்கள் ரங்கய்யாவும் கோவிந்துவும். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார், அந்தப் பேரினம் பிறகு வேறொன்றில் அடங்கிப்போனது என்பது தனிச் சோகம்.

அடுத்த முறை போனால் அந்தப் பெரியவரிடம் செடி என்ன, எப்போது பூக்கும், வேறு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பத்துப் பாறை வேண்டும் என்றாரே கண்டிச்சீமை, அந்தப் பத்தும் அவருக்குத் தெரிந்திருக்கும். கட்டுரை எழுதினால் அவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, கடைசி நன்றி வரியில் இல்லாமல் உள்ளே சரியான இடத்தில் போடுங்கள்.

இடம் பற்றி நெறியாளர் சொன்னதற்குக் காரணம். அகத்தியமலைப் பக்கத்துக்கே உரிய செருப்பு வடிவ ஆர்க்கிட் ஒன்று உண்டு, டிரூரி. தோண்டி விற்றே அரிதாக்கினார்கள். வியட்நாமில் இதே வகையில் இன்னொன்றுக்கு 1999இல் பெயர் வைத்தார்கள், சில வருடங்களில் காட்டில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. கட்டுரைதான் வழிகாட்டிப் பலகை.

சட்டமும் இருக்கிறது. 2002 பல்லுயிர் சட்டப்படி புது இனம் கண்டவர் குறிப்பிட்ட நிலையத்துக்குத் தெரிவித்து ஒரு தாளை அங்கே வைக்க வேண்டும். பறிப்பதற்கு வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். 'பார்க்க' வாங்கிய தாளை வைத்துப் பறிக்காதது நல்ல காரியம் செய்தீர்கள்.

சும்மா_கேட்டேன் எழுதியது:
சரி, எல்லாம் செய்து பெயர் வைத்து என்ன கிடைக்கும்? காடு அழிவது நிற்குமா?

தொரட்டி எழுதியது:
நிற்காது. ஆனால் பெயர் இல்லாத செடி எந்த அபாயப் பட்டியலிலும் ஏறாது. கேமரூனில் எபோ காட்டை மரம் வெட்டக் கொடுக்கப் பார்த்தார்கள், 2020இல் எதிர்ப்பு வந்து அந்தத் திட்டம் அப்போதைக்கு நின்றது. ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோவும் குரல் கொடுத்தார். அதற்கு நன்றியாக 2022இல் அங்கே கிடைத்த ஒரு சின்ன மரத்துக்கு உவாரியாப்சிஸ் டிகாப்ரியோ என்று பெயர் வைத்தார்கள். அடிமரத்திலேயே மஞ்சள் கலந்த பச்சைப் பூ. அந்த மரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பெயரைக் கேட்டு பத்திரிகை எல்லாம் எழுதின. எனக்கு சினிமா நடிகர் பெயர் வைப்பது பிடிக்காது, ஆனால் அந்தப் பெயர் காட்டின் மேல் கவனத்தைத் திருப்பியது என்பதை மறுக்க முடியாது.

கண்டிச்சீமை எழுதியது:
எனக்கும் பிடிக்காதுதான். மரகதமியே எவ்வளவோ மேல்.

மழைக்காட்டான் எழுதியது (மூன்று வாரம் கழித்து):
கோயம்புத்தூர் ஹெர்பேரியம், அதுதான் உலர்தாவர நிலையம், போய்விட்டு வந்தேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன், அகாலிஸ் கோப்புகளை எடுத்து மேஜையில் வைத்தார்கள். நாப்தலின் வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது.

வால் விஷயம் போச்சு. என்னுடைய மூன்று சென்டிமீட்டர் அந்தத் தாள்களில் இருக்கும் அளவுகளுக்கு நடுவில் சாதாரணமாக விழுகிறது. தொண்டையின் மஞ்சள் காய்ந்த பூவில் தெரியவே தெரியாது, தொரட்டி அண்ணன் சொன்ன வெற்றிலைச் சாறு நிறம் என்னவென்று இப்போதுதான் புரிந்தது. ஆனால் பக்க இதழ், கண்டிச்சீமை அண்ணா சொன்னது, அது மட்டும் இடிக்கிறது. என் படத்தில் கீழ் மடல் நுனி நன்றாகப் பிளந்திருக்கிறது, விரித்து ஒட்டிய பூ இருந்த மூன்று தாளில் பிளவு இல்லை. நாலாவதாக ஒரு தாள், அதே மலைத்தொடரிலிருந்து வந்த பழைய தாள், பூ கசங்கி ஒன்றும் தெரியவில்லை. பெயர்ச் சீட்டில் அகாலிஸ் என்று எழுதி, பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். கையெழுத்து கூட இல்லை. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியரிடம் சொல்லி சேகரிப்பு அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பெரியவரிடம் போனில் பேசினேன். அந்தச் செடி இன்னும் இரண்டு ஓடைகளில் இருக்கிறதாம், ஒன்றில் பூ வெள்ளையாக வருமாம். அம்மாவிடம் மரகதமியே பற்றிச் சொன்னேன், 'பாசியில முளைக்கிற களைக்கா என் பேரு' என்று கேட்டுவிட்டு சாம்பாரைக் கிளறப் போய்விட்டார்.

தாள்பூச்சி எழுதியது:
வெள்ளைப் பூ ஓடையில் இருந்தும் ஐந்து பூவாவது ஸ்பிரிட்டில் போடுங்கள். கிழங்குகளை எல்லாம் எடுத்துவிடாதீர்கள், ஒரு பாறைக்கு ஒன்று போதும். கிடைப்பதை நகல் தாளாக இரண்டு நிலையங்களுக்குக் கொடுங்கள், ஓரிடத்தில் பூச்சி தின்றால் இன்னொன்று இருக்கும்.

தொரட்டி எழுதியது:
ஒரு துணியில் உப்பைக் கட்டி முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு. ஸ்கேல் மறக்காதீர்கள், இந்த முறை விரலை வைத்து அளந்துகொண்டு வந்தால் நானே அடிப்பேன்.